டெர்மினலுக்கு ஒரு ஏ2யூஐ ரெண்டரர்: மூன்று வார வேலைக் குறிப்பு

செயற்கை நுண்ணறிவு முகவர் ஒன்று உரையாடலின் நடுவே ஒரு படிவத்தைக் காட்ட வேண்டுமென்றால், அது இயங்கக்கூடிய நிரல் எதையும் அனுப்புவதில்லை. எந்தெந்தக் கூறுகள் வேண்டும் என்பதை மட்டும் ஜேசன் என்ற எளிய உரை வடிவத்தில் விவரித்து அனுப்புகிறது, அதைத் தன்னிடமுள்ள பொத்தான்களையும் உள்ளீட்டுப் பெட்டிகளையும் கொண்டு வரைவது பெறும் செயலியின் வேலை. கூகுள் 2025 டிசம்பரில் அப்பாச்சி 2.0 உரிமத்தில் 0.8 பதிப்பாக வெளியிட்ட ஏ2யூஐ நெறிமுறையின் அடிப்படை இதுதான். வெளியானபோது லிட், ஆங்குலர், ஃப்ளட்டர் ஆகிய இடைமுகக் கருவித்தொகுப்புகளுக்கு ரெண்டரர்கள், அதாவது அந்த விவரிப்பைத் திரையில் வரையும் நிரல்கள், இருந்தன. பிற தளங்களுக்கு ஆர்வலர்களே எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது. நானும் பைத்தானில், வெறும் டெர்மினலில் (எழுத்துகளை மட்டும் காட்டும் கட்டளைத் திரையில்) ஓடும்படி ஒன்றை எழுதத் தொடங்கினேன்.

முதல் வாரம் எதிர்பார்த்ததைவிட எளிதாகக் கழிந்தது. கூறுகள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கப்பட்ட மரமாக வராமல், ஒவ்வொன்றும் தனி ஐடியுடன் தட்டையான பட்டியலாக வருவதே அதற்குக் காரணம். ஒரு நெடுவரிசை தன் பிள்ளைகளின் ஐடிகளை மட்டும் சொல்லும். மொழி மாதிரிகள் ஆழமான அடைப்புகளைத் தவறின்றி மூடத் திணறும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு, ரெண்டரர் எழுதுபவருக்கும் உதவுகிறது: 'சர்ஃபேஸ்அப்டேட்' செய்தியில் வருவதையெல்லாம் ஐடி வாரியாக ஒரு டிக்‌ஷனரியில் போட்டு வைத்து, 'பிகின்ரெண்டரிங்' வந்து வேர்க்கூறின் ஐடியைச் சொன்ன பிறகு அங்கிருந்து கீழிறங்கி வரைந்தால் போதும். சோதனையில் நானே ஒரு கூறை அதன் சொந்தப் பிள்ளையாகக் குறிப்பிட்டுப் பார்த்தபோது நிரல் முடிவின்றிச் சுழன்று விழுந்தது. அதன்பின் வேரிலிருந்து கடந்து வந்த ஐடிகளைக் குறித்துக்கொள்ளும் நான்கு வரிகளைச் சேர்த்தேன்.

கூறுகள் காட்டும் மதிப்புகளைத் தனியே வைத்திருக்கும் தரவு மாதிரியில்தான் நாட்கள் கரைந்தன. 0.8 பதிப்பின் 'டேட்டாமாடல்அப்டேட்' சாதாரண ஜேசனாக வருவதில்லை. சாவி ஒன்று, அதன் மதிப்பு எழுத்தா எண்ணா என்பதற்கேற்ற புலம் ஒன்று என உடைந்து வருவதால், அதைத் திரும்பக் கோக்கும் வேலை நம் தலையில் விழுகிறது. அதைவிடப் பெரிய தலைவலி உள்ளீட்டுப் பெட்டி. பெயர், தேதி, 'உறுதி செய்' பொத்தான் என மூன்றே கூறுகள் கொண்ட படிவத்தில் நான் பெயரைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது முகவரிடமிருந்து அடுத்த 'சர்ஃபேஸ்அப்டேட்' வந்தது; திரை புதிதாக வரையப்பட்டு, பாதி எழுதிய பெயர் மறைந்துபோனது. தட்டிய எழுத்துகளைப் பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தது என் பிழை. ஒவ்வொரு விசையழுத்தத்தையும் அந்தப் பெட்டி சுட்டும் பாதையில், உள்ளூர்த் தரவு மாதிரியிலேயே எழுத வேண்டும். சர்வருக்கு அது உடனே போவதில்லை, பொத்தானை அழுத்தும்போது 'யூசர்ஆக்‌ஷன்' செய்தியின் சூழல் பகுதியில்தான் போகிறது. இதைத் திருத்திய பிறகு பெயர் நின்றது, ஆனால் கர்சர் ஒவ்வொரு முறையும் வரியின் தொடக்கத்துக்குத் தாவியது. கூறுகளை அழித்து மீண்டும் உருவாக்காமல், அதே ஐடி வந்தால் பழைய பெட்டியையே வைத்துக்கொண்டு மாறிய பண்புகளை மட்டும் புதுப்பிக்கும்படி எழுதியதும் அதுவும் சரியானது. நியாயமாகப் பார்த்தால் முதல் நாளே இப்படித்தான் எழுதியிருக்க வேண்டும்.

ஒரே அமைப்பைப் பட்டியலின் ஒவ்வொரு உருப்படிக்கும் திரும்ப வரையும் பட்டியல் வார்ப்புருக்கள் அரை நாளில் முடிந்தன. வார்ப்புருவுக்குள் வரும் பாதையை அந்தந்த உருப்படியிலிருந்து தொடங்கிப் படிக்க வேண்டும் என்பதை மட்டும் கவனித்தால் போதும். படம், காணொளி ஆகியவற்றுக்கு இப்போதைக்கு அவற்றின் இணைய முகவரியை ஒரு கட்டத்துக்குள் காட்டுவதோடு நிறுத்திக்கொண்டேன். தெரியாத கூறு வந்தால் என்ன செய்வது என்பதில் மட்டும் எனக்குப் பிடிவாதமான கருத்து உண்டு. நான் முன்பு முயன்று பார்த்த ஒரு ரெண்டரர் அவற்றைச் சத்தமின்றி விட்டுவிட்டதால், பிழை முகவரிடமா அந்த ரெண்டரரிலா என்று தேடியே ஒரு மாலை வீணானது. என்னுடையது கூறின் பெயரையும் ஐடியையும் சிவப்பில் எழுதிக்காட்டும்.

0.9 பதிப்பில் செய்திகளின் பெயர்களும் தரவின் வடிவமும் மாறியிருப்பதால், செய்தியைப் படிக்கும் பகுதியை வரையும் பகுதியிலிருந்து பிரித்துக்கொண்டிருக்கிறேன். பொத்தானும் உரையும் புதிய அமைப்புக்கு நகர்ந்துவிட்டன. உள்ளீட்டுப் பெட்டியை இன்னும் தொடவில்லை.