தள்ளிப்போடும் பழுதுகளும் ஐப்பசி மழையும்

வீட்டில் எந்தப் பழுது நெடுநாள் கிடப்பில் கிடக்கிறதோ, அதைப் பெரும்பாலும் யாரும் அருகில் போய்ச் சரியாகப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு பழைய வீட்டைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வந்ததில் எனக்கு உறுதிப்பட்ட எண்ணம் இது. ‘மாடி ஒழுகுகிறது’ என்று சொல்லிக்கொண்டிருக்கும் வரை அது வெறும் கவலையாகவே இருக்கிறது; யாரைக் கூப்பிடுவது, என்ன வாங்குவது, எவ்வளவு செலவாகும் என்று எதுவுமே தெரியாததால் மனம் அதை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிடுகிறது. ‘மழைநீர்க் குழாயின் வாயைச் சுற்றிப் பூச்சு விட்டிருக்கிறது’ என்று தெரிந்துவிட்டாலோ, அது ஒரு கொத்தனார் வந்து முடித்துக் கொடுக்கும் வேலையாகிவிடுகிறது. அதனால் ஒரு பழுதைச் சரிசெய்ய நாள் பார்ப்பதற்கு முன், அதை உட்கார்ந்து ஆராய ஒரு காலைப் பொழுதை ஒதுக்க வேண்டும். அதற்குப் பணமும் வேண்டாம், ஆளும் வேண்டாம்.

எங்கள் வீடு தாம்பரத்தை அடுத்த பகுதியில் 1980களில் கட்டப்பட்டது. கான்கிரீட் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, அதன்மேல் தட்டோடு பதித்த மொட்டைமாடி. இத்தகைய தளத்தில் கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, மழைநீர்க் குழாயின் வாய், ஓடுகளுக்கு இடையிலுள்ள சந்து ஆகிய இடங்களில்தான் பெரும்பாலும் கோளாறு தொடங்கும். ஆனால் கீழே அறையில் ஈரக்கறை தெரியும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. ஜல்லி அடுக்குக்குள் புகுந்த தண்ணீர் சரிவைப் பிடித்துச் சில அடி தள்ளிப்போய்க் கூட இறங்கும். எனவே கறையின் விளிம்பைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுத் தேதியையும் எழுதி வைக்கிறேன். பிறகு வெயில் நாளாகப் பார்த்து, குழாய் வாயைப் பாலிதீன் சுற்றிய துணியால் அடைத்து, களிமண்ணால் சிறு வரப்பு கட்டி, மாடியைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, ஒவ்வொரு பாத்தியிலும் இரண்டு விரற்கடை அளவுக்கு ஒரு நாள் முழுவதும் தண்ணீரை நிறுத்திப் பார்க்க வேண்டும். எந்தப் பாத்தியில் தண்ணீர் நிற்கும்போது கீழே ஈரம் பென்சில் கோட்டைத் தாண்டுகிறதோ, அங்கேதான் கொத்தனாருக்கு வேலை. மாடி முழுவதும் புதிதாகப் பூச வேண்டும் என்று யாராவது சொன்னாலும், அது தேவைதானா என்று கேட்பதற்கான ஆதாரம் அப்போது நம் கையில் இருக்கும்.

இந்த வேலைக்கு ஒரு கெடு உண்டு. அதை விதிப்பது வானம். சென்னையில் ஆண்டு முழுவதும் பெய்யும் சுமார் 1400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கொட்டுகிறது. முதல் மழைக்குப் பிறகு ஊரே கொத்தனாரைத் தேடும்போது அவர் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் ஊறிய தளத்தில் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு ஒட்டிப் பிடிப்பதில்லை. ஆடி மாதத்தில் புதுமனை தொடங்கப் பலர் தயங்குவதால் அப்போது சிறு வேலைகளுக்கு ஆள் கிடைப்பது எளிது. பழுது பார்ப்பதற்கு ஆடி ஒரு தடையும் இல்லை. விரிசலை உளியால் சற்று அகலப்படுத்தி, தூசு போகக் கழுவி, லேடெக்ஸ் கலந்த சிமெண்ட் கலவையை அழுத்தி அடைத்து, சுவர் மூலையில் தண்ணீர் தேங்காதபடி சரிவாகப் பூசச் சொன்னால் போதும். பறவை எச்சத்தில் முளைத்த அரசங்கன்று கண்ணில் பட்டால் அன்றைக்கே வேரோடு எடுத்துவிட வேண்டும். மேலே கிள்ளிவிட்டால் அது மறுபடி தழைத்து, வேர் விரிசலை இன்னும் பிளக்கும். இதையெல்லாம் பல மழைக்காலங்களுக்கு விட்டுவைத்தால் ஈரம் உள்ளே கம்பியை எட்டுகிறது. துரு இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால் கம்பி உப்பி, கான்கிரீட்டைப் பெயர்த்துத் தள்ளுகிறது. அந்த நிலையில் செலவு பல மடங்காகிவிடும். தூங்குகிறவர் தலைமேல் காரை விழும் அபாயமும் சேர்ந்துகொள்ளும்.

சொட்டும் குழாய்க்கும் இதே வழிதான். ஒரு டம்ளரை வைத்து ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள். 20 மில்லி சேர்ந்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 29 லிட்டர் வீணாகிறது என்று பொருள். இரண்டு குடத்துக்குக் குறையாது. திருகு குழாயாக இருந்தால் பெரும்பாலும் வாஷர் தேய்ந்திருக்கும். கேட் வால்வை அடைத்துவிட்டுக் குழாயின் மேற்பகுதியைக் கழற்றி, பழைய வாஷரையே கடைக்கு எடுத்துச் சென்று அதே அளவில் வாங்கி மாட்டிவிடலாம். இத்தகைய சில்லறை வேலைக்குத் தனியாக வர பிளம்பர் தயங்குவதில் நியாயம் இருக்கிறது, ஏனெனில் அவருடைய பாதி நாள் போக்குவரத்திலேயே கரைந்துவிடும். நம்மால் முடியாதவற்றைச் சமையலறை நாட்காட்டியின் ஓரத்தில் எழுதி வைத்து, சில வேலைகள் சேர்ந்ததும் ஒரே நாளில் வரச் சொன்னால் அவருக்கும் கட்டுப்படியாகும்.

மின்சாரத்தில் மட்டும் இப்படிச் சேர்த்துவைக்கக் கூடாது. வாட்டர் ஹீட்டரைப் போட்டதும் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் சுவிட்ச்) விழுகிறது என்றால் எங்கோ மின்கசிவு இருக்கலாம் என்பதை அந்தச் சாதனம் அறிவிக்கிறது. வீடுகளில் பொருத்தப்படும் 30 மில்லி ஆம்பியர் வகை, உயிரைக் காப்பதற்கென்றே அமைந்தது. அடிக்கடி விழுவது தொந்தரவாக இருக்கிறதென்று அதைத் தவிர்த்து நேரடி இணைப்புக் கொடுக்கும் வழக்கத்தைப் பல வீடுகளில் பார்த்து நான் பதறியிருக்கிறேன். அந்த ஹீட்டரை உடனே நிறுத்திவிட்டு அன்றைக்கே எலக்ட்ரீசியனை அழைத்தாக வேண்டும்.

தள்ளிப்போடுவதே சரியான வேலை ஒன்றும் இருக்கிறது. மழைக்காலத்தில் உப்பிக்கொண்டு நிலையில் உரசும் மரக் கதவை, எரிச்சலில் அப்போதே இழைத்துவிட்டால் கோடையில் மரம் சுருங்கிக் கதவு இடைவெளி விட்டு ஆடும். உரசும் இடத்தைப் பென்சிலால் குறித்து வைத்து, மாசி பங்குனியில் மரம் நன்கு காய்ந்தபின் தச்சரிடம் அந்தக் குறியைக் காட்டி, தேவையான அளவுக்கு மட்டும் இழைக்கச் சொல்கிறேன். பெயிண்ட் அடிப்பவர்கள் வழக்கமாக விட்டுவிடும் கதவின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் அப்போதே பெயிண்ட் பூசிவிட்டால், அடுத்த மழையில் அந்த வழியாக ஈரம் ஏறுவது குறையும்.