கைக்குழந்தை இடம் எப்போது காலியாகும்?

வீட்டில் டேகேர் நடத்தும் எனக்கு வரும் போன்களில் பெரும்பாலானவை இப்படித்தான் ஆரம்பிக்கும்: "குழந்தைக்கு அஞ்சு மாசம். அடுத்த மாசம் நான் வேலைக்குப் போயாகணும். இடம் இருக்குமா?" இரண்டரை, மூன்று வயதுப் பிள்ளைகளுக்காகக் கூப்பிடுபவர்கள் குறைவு. அந்த வயதுக்குள் பிள்ளையை எங்காவது சேர்த்திருப்பார்கள், அங்கே பழகியிருக்கும், மாற்ற மனசு வராது. அதனால் வீட்டிலேயே டேகேர் தொடங்குகிற யாருக்கும் ஆரம்பத்தில் வாசலில் வந்து நிற்பது கைக்குழந்தைகள்தான். காலியிடம் கண்ணை உறுத்தும், கைக்குழந்தைக்குக் கட்டணமும் கூடுதல், சரி என்று சொல்லிவிடத் தோன்றும். நானும் சொன்னேன். ஒரே சமயத்தில் மூன்று பேர், மூவருக்கும் இன்னும் ஒரு வயது ஆகவில்லை. கூடவே இரண்டு வயது தாண்டிய இருவர். விதி அனுமதித்தது, மொத்தமே ஐந்து பேர்தானே என்று நினைத்தேன்.

அந்தக் காலத்து மதியம் ஒன்று இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. ஒரு குழந்தை மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தது, இன்னொன்று தூக்கம் கலைந்து வீறிட்டது, மூன்றாவதுக்கு டயபர் மாற்ற வேண்டும். இரண்டேகால் வயதுப் பெண் ஒருத்தி படப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் முழங்காலை ஒட்டி வந்து நின்றாள். "அத்தை, இது படி" என்றாள். "இதோ வரேன்டா" என்றேன். சற்று நேரம் கழித்து மறுபடியும் கேட்டாள், மறுபடியும் அதே பதில். மூன்றாவது தடவை அவள் கேட்கவில்லை. புத்தகத்தைக் கொண்டுபோய் அலமாரியில் அது இருந்த இடத்திலேயே நேராக வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. அழுதிருந்தால் எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்பார்களே, அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன் என்று அந்த நிமிஷம் உறைத்தது.

அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஐந்தாறு மாதக் குழந்தை ஒன்பது மணி நேரம் என்னிடம் இருக்கிறது. நான்கு தடவை பால், பாட்டிலைச் சூடு பண்ணி, ஊட்டி, தோளில் போட்டு ஏப்பம் வரவழைப்பது வரைக்கும் தடவைக்கு 25 நிமிடம், ஆக 100. ஐந்து டயபர், கை கழுவுவதையும் சேர்த்துத் தடவைக்கு 6 நிமிடம், அது 30. மூன்று தூக்கம், ஒவ்வொன்றுக்கும் தூங்க வைக்க 15 நிமிடம், அது 45. கூட்டினால் 175 நிமிடம், கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். இதில் கொஞ்சுவது, பேசுவது, குப்புறப் போட்டு விளையாட விடுவது எதுவும் சேரவில்லை. மூன்று குழந்தை என்றால் 525 நிமிடம். ஒன்பது மணி நேரத்தில் எட்டே முக்கால் மணி நேரம் அங்கேயே போய்விடுகிறது. அந்தப் பெண்ணுக்குப் புத்தகம் படிக்க என்னிடம் இருந்தது கால் மணி நேரம், அதையும் மற்றப் பையனோடு பங்கு போட வேண்டும்.

இன்னொரு கணக்கு இதைவிட எளிது, பயமானதும்கூட. தீ விபத்து என்றால் வெளியேற ஒத்திகை பார்ப்போமில்லையா, அதில் தெரிந்துகொண்டேன். நடக்கத் தெரியாத குழந்தையை இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்று என்று இரண்டைத் தூக்கலாம். அப்போதே கதவைத் திறக்கக் கை இருக்காது. மூன்றாவதை எப்படி? சக்கரம் வைத்த கட்டில் ஒன்றில் மூவரையும் போட்டுத் தள்ளிக்கொண்டு போகலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் வாசலில் படி இருந்தால் அதுவும் ஆகாது. வீட்டு டேகேருக்கான விதிகள் நாட்டுக்கு நாடு, மாநிலத்துக்கு மாநிலம் மாறும், சில இடங்களில் நம் சொந்தப் பிள்ளையும் எண்ணிக்கையில் சேரும். ஆனாலும் மிகச் சிறிய குழந்தைகளுக்குத் தனி உச்சவரம்பு வைப்பது பரவலான வழக்கம். அதைக் கெடுபிடி என்று முன்னே நினைத்தேன். இப்போது அது சொல்வது மேல்வரம்பு மட்டும்தான் என்று எடுத்துக்கொள்கிறேன், என் வரம்பு அதற்குக் கீழே எங்கோ இருக்கிறது.

இப்போது என் ஏற்பாடு இது: மொத்தம் ஆறு இடம், அதில் இரண்டு வயதுக்குக் கீழே இருவர், அவைதான் கைக்குழந்தை இடங்கள். மேலே நால்வர், அவர்களைத்தான் பெரியவர்கள் என்கிறேன். சொல்வதற்குச் சுலபம். ஆனால் குழந்தைகள் வளர்கிறார்களே! இன்றைக்குச் சரியாக இருக்கிற கலவை எட்டு மாதத்தில் தானாகவே வேறொன்றாகிவிடும். இந்தத் தொழிலில் சேர்க்கை பற்றி எல்லாரும் எண்ணிக்கையைத்தான் பேசுகிறோம், நிஜத்தில் பார்க்க வேண்டியது பிறந்த தேதி. அதற்காகவே ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு வரி: சேர்ந்த மாதம், இரண்டு வயது முடியும் மாதம், பள்ளிக்குக் கிளம்பும் மாதம்.

ஆறு மாதத்தில் சேருகிற குழந்தை இரண்டு வயது முடியும் வரை, அதாவது 18 மாதம், ஒரு கைக்குழந்தை இடத்தைப் பிடித்திருக்கும். இரண்டு குழந்தைகளை ஒரே மாதத்தில் சேர்த்தால் இரண்டு இடமும் ஒன்றாகவே அடைபட்டு 18 மாதம் கழித்து ஒன்றாகவே திறக்கும். நடுவில் வரும் எந்தக் குடும்பத்துக்கும் "இல்லை", பிறகு ஒரே மாதத்தில் இரண்டு வெற்றிடம். இருவருக்கும் ஒன்பது மாத இடைவெளி விட்டுப் பாருங்கள். ஒன்பது மாதத்துக்கு ஒருமுறை ஒரே ஓர் இடம் காலியாகும், யாருக்கும் எப்போது என்று முன்கூட்டியே சொல்ல முடியும்.

இதில் என்னைச் சிக்க வைத்தது பெரியவர்களின் நான்கு இடம்தான். இரண்டு வயது முடிந்த குழந்தை எங்கே போகும்? நம் வீட்டிலேயே பெரியவர்கள் வரிசைக்கு வரும். அங்கே பள்ளிக்குப் போகும் வரை சுமார் இரண்டு வருஷம் இருக்கும். ஒன்பது மாதத்துக்கு ஒருவர் வந்து சேர்ந்து, ஒவ்வொருவரும் 24 மாதம் இருந்தால், நான்கில் இரண்டு அல்லது மூன்று இடம் எப்போதும் நம்மிடமே வளர்ந்த பிள்ளைகளுக்குப் போய்விடும். வெளியிலிருந்து சேர்க்க மிஞ்சுவது ஒன்று, நல்ல காலமாக இருந்தால் இரண்டு. ஆரம்பத்தில் இது தெரியாமல் பெரியவர்கள் நால்வரையும் வெளியிலிருந்தே நிரப்பிவிட்டால், கைக்குழந்தைக்கு இரண்டு வயது ஆகிற நாளில் வைக்க இடமிருக்காது. ஒன்றரை வருஷம் நம் மடியில் வளர்ந்த பிள்ளையின் அம்மாவிடம் போய் இனி இடமில்லை என்று சொல்ல வேண்டி வரும். அதை நான் ஒருமுறை கிட்டத்தட்டச் சொல்ல இருந்தேன். கடைசி நேரத்தில் வேறொரு குடும்பம் வீடு மாறிப் போனதால் தப்பித்தேன். அந்த வாரம் நான் சரியாகத் தூங்கவே இல்லை.

காசு விஷயமும் பேச வேண்டும். கைக்குழந்தைக்குக் கூடுதல் கட்டணம் என்பதால் அதில்தான் லாபம் என்று புதிதாகத் தொடங்குபவர்கள் நினைக்கிறார்கள். பல இடங்களில் கைக்குழந்தை ஒன்று கூடினால் மொத்த எண்ணிக்கையைக் குறைத்தாக வேண்டும். விதி கேட்காவிட்டாலும் உடம்பு கேட்கும். இன்னொரு கைக்குழந்தைக்காகப் பெரியவர்களில் இருவரின் இடத்தை விடுகிறேன் என்றால், அந்த ஒரு கட்டணம் இந்த இரண்டு கட்டணத்துக்கு ஈடாகுமா? நான் போட்ட கணக்கில் ஒருமுறையும் ஆனதில்லை. அதற்காகக் கைக்குழந்தையே வேண்டாம் என்று இருப்பதும் சரிவராது. பள்ளி திறக்கும் மாதத்தில் பெரியவர்கள் கூட்டமாகக் கிளம்பிவிடுவார்கள், கீழிருந்து வளர்ந்து வர ஆளில்லை என்றால் ஒவ்வொரு வருஷமும் முதலிலிருந்து தேட வேண்டும். சின்ன வயதில் வந்த குடும்பம்தான் வருஷக்கணக்கில் நிற்கும், தம்பி தங்கை பிறந்தாலும் நம்மிடமே வரும்.

தம்பி தங்கை என்றதும் ஒன்று. கருவில் இருக்கும் குழந்தைக்கு இடம் பிடித்து வைக்கச் சொல்வார்கள். வைக்கிறேன், ஆனால் முன்பணம் வாங்கிக்கொண்டு, இந்தத் தேதிக்குள் சேர வேண்டும் என்று எழுத்தில் போட்டுவிட்டுத்தான். வாய்வார்த்தையில் மூன்று மாதம் இடத்தைக் காலியாக வைத்திருந்து, அப்புறம் "பாட்டியே பார்த்துக்கிறாங்களாம்" என்று கேட்ட அனுபவம் எனக்குண்டு. அவர்கள் மேல் தப்பில்லை, நான்தான் எழுதி வாங்கியிருக்க வேண்டும்.

இரண்டு குடும்பம் ஒரே கைக்குழந்தை இடத்தைப் பங்கு போடுவதும் நடக்கும், திங்கள் முதல் புதன் ஒரு குழந்தை, வியாழன் வெள்ளி இன்னொன்று. என் வீட்டில் ஒருமுறை நன்றாக நடந்தது. ஆனால் இரண்டு நாள் மட்டும் வருகிற குழந்தை பழக அதிக நாள் எடுத்துக்கொள்ளும், நாள் மாற்றிக் கேட்டால் இல்லை என்று சொல்லத் தைரியமும் வேண்டும்.

வயதில் இடைவெளி விட்டதால் நாளே மாறிப்போனது, அதைத்தான் யாரும் எனக்கு முன்னே சொல்லவில்லை. ஏழு மாதக் குழந்தை பகலில் இரண்டு மூன்று தடவை தூங்கும். பெரும்பாலும் 15, 18 மாதத்துக்குள் குழந்தைகள் பகலில் ஒரே தூக்கத்துக்கு மாறிவிடுவார்கள். இப்போது என்னிடம் ஒன்று எட்டு மாதம், இன்னொன்று பதினேழு மாதம். சின்னது காலையில் தூங்கும்போது மற்ற ஐந்து பேரோடும் தரையில் உட்காருகிறேன். மதியம் எல்லாரும் ஒன்றாகக் கண்ணயரும் ஒரு மணி நேரம் வேறு கிடைக்கிறது. அப்போதும் சின்னதை மல்லாக்கத்தான் படுக்க வைப்பேன், கட்டிலில் தலையணை, பொம்மை, போர்வை எதுவும் கிடையாது, அடிக்கடி போய்ப் பார்ப்பேன். மூன்று பேர் மூன்று நேரத்தில் விழித்துக்கொண்டிருந்த காலத்தில் இப்படிப் பார்ப்பதே ஓட்டமும் நடையுமாகத்தான் இருந்தது.

சேர்க்கும் நேரத்துக்கும் இடைவெளி வேண்டும். எட்டு ஒன்பது மாதத்திலிருந்து குழந்தைக்கு அம்மாவைப் பிரிகிற பயம் வந்துவிடும், ஆறு மாதத்தில் சேர்வது அதைவிடச் சுலபமாக இருப்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். பத்து மாதக் குழந்தை புதிதாக வந்தால் இரண்டு வாரத்துக்கு அது என் தோளை விட்டு இறங்காது என்று வைத்துக்கொண்டுதான் மற்றதைத் திட்டமிடுகிறேன். ஒரே வாரத்தில் இரண்டு புது வரவு, பெரிய பிள்ளையாக இருந்தாலும், வேண்டவே வேண்டாம்.

பொருட்கள் விஷயத்தில் மட்டும் கலப்பு வயது கஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். மூன்றரை வயதுக்காரருக்கு மணி கோர்க்கவும் குட்டிக் கட்டைகளை அடுக்கவும் ஆசை, அதே தரையில் எட்டு மாதம் தவழ்ந்து வந்து கண்ணில் பட்டதையெல்லாம் வாயில் போடும். டாய்லெட் பேப்பர் தீர்ந்த அட்டைக் குழாய் ஒன்றை எப்போதும் பையில் வைத்திருக்கிறேன். அதற்குள் நுழைகிற பொருள் எதுவானாலும் தரைக்கு வராது, மேஜை மேல்தான், அதுவும் சின்னது தூங்கும்போது மட்டும். பட்டன் பேட்டரி போட்ட பொம்மையை வீட்டுக்குள்ளேயே விடுவதில்லை.

இல்லை என்று சொல்வது இன்னும் பழகவில்லை. மறுமுனையில் இருக்கும் அம்மாவின் குரல் உடையும்போது நெஞ்சு அடைக்கும். அதனால் இப்போதெல்லாம் வெறுமனே இல்லை என்பதில்லை, நோட்டைத் திறந்து மாதத்தைச் சொல்லிவிடுகிறேன். பதினேழு மாதக்காரருக்கு இன்னும் ஏழு மாதத்தில் இரண்டு வயது, அன்றைக்கு ஒரு கைக்குழந்தை இடம் திறக்கும். பெரியவர்களில் ஒருத்தி அதற்கு முந்தின மாதம் பள்ளிக்குப் போகிறாள், ஆகவே அவருக்கும் இடம் உண்டு. நேற்று கூப்பிட்ட ஓர் அம்மாவுக்கு இன்னும் குழந்தையே பிறக்கவில்லை, பிரசவம் அடுத்த மாதமாம். கூட்டிப் பார்த்தேன், இடம் திறக்கும்போது அந்தக் குழந்தைக்குச் சரியாக ஆறு மாதம் ஆகியிருக்கும். பெயருக்கான இடத்தைக் காலியாக விட்டு, தேதியை மட்டும் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன்.