கை நீட்டினார்

காவல் அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில், கீழிருந்து நாலாவது வரி. 'கணவர் என் பக்கமாகக் கையை நீட்டினார், பிறகு நான் கீழே விழுந்தேன்' என்று பொருள்படும் ஓர் ஆங்கில வாக்கியம். ஏதோ உதவிக்குக் கை கொடுத்தவர் போல இருந்தது. அதற்கு மேலே அவளுடைய பெயர், வயது, மொழி: தமிழ். சம்பவ இடத்தில் அதிகாரியின் கைபேசியில், ஸ்பீக்கரில் பேசிய மொழிபெயர்ப்பாளர் வழியாக எடுத்த வாக்குமூலம்.

அறிக்கையை மேசையில் வைத்துவிட்டு, அதிகாரியின் சட்டையில் இருந்த கேமரா பதிவைத் திறந்தேன். ஹெட்போனில் அவள் குரல் வந்தது. "கல்யாணம் ஆனதுலேர்ந்து இப்படித்தாங்க. கை நீட்ட ஆரம்பிச்சார்னா நிறுத்த மாட்டார்."

நான் கலிபோர்னியாவில் உள்ள 58 கவுண்டிகளில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) ஒன்றில், அதன் தலைமை அரசு வழக்கறிஞரான டிஸ்ட்ரிக்ட் அட்டர்னியின் அலுவலகத்தில் துணை வழக்கறிஞராக வேலை பார்க்கிறேன். ஃபெலனி வழக்குகள், அதாவது மாநிலச் சிறைக்கு அனுப்பத்தக்க குற்றங்கள். அதிலும் சில வருடங்களாகக் குடும்ப வன்முறைப் பிரிவு. டிஸ்ட்ரிக்ட் அட்டர்னியை நான்கு வருடத்துக்கு ஒருமுறை கவுண்டி மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். எங்கள் சம்பளம் கவுண்டி கஜானாவிலிருந்து வருகிறது. ஆனால் வழக்கின் தலைப்பில் கவுண்டியின் பெயர் இருக்காது. 'கலிபோர்னியா மாநில மக்கள் எதிர் இன்னார்' என்றுதான் இருக்கும். நீதிபதி கேட்கும்போது எழுந்து நின்று, "மக்கள் சார்பில்" என்று சொல்லிவிட்டு என் பெயரைச் சொல்ல வேண்டும். முதல் நாள் அதைச் சொன்னபோது தொண்டை அடைத்தது. இன்றும் அதை வெறும் சம்பிரதாயமாக என்னால் சொல்ல முடிவதில்லை.

திருநெல்வேலியில் சட்டம் படித்து, பாளையங்கோட்டை கோர்ட்டில் மூன்று வருடம் ஜூனியராகக் கட்டு சுமந்தவள் நான். அங்கே வழக்கின் தலைப்பில் 'அரசு, காவல் ஆய்வாளர் மூலமாக' என்று இருக்கும். குற்றப்பத்திரிகையைப் போலீஸ் தாக்கல் செய்யும். அதை நடத்திக் கொடுப்பதுதான் அரசு வழக்கறிஞரின் பாடு. இங்கே போலீஸ் அறிக்கையை மட்டும்தான் கொண்டுவந்து தரும். வழக்குப் போடுவதா, எந்தப் பிரிவில் போடுவது, போடாமலே விடுவதா என்பதை முடிவு செய்வது நாங்கள். கைதானவர் சிறையில் இருந்தால், ஞாயிறும் விடுமுறையும் நீங்கலாக 48 மணி நேரத்துக்குள் அவரை நீதிபதி முன் நிறுத்தியாக வேண்டும். அதற்குள் நான் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது அவரை வெளியே விட வேண்டும். இந்த வேலையின் முழு எடையும் அந்தக் கையெழுத்தில்தான் இருக்கிறது. குற்றவாளியா இல்லையா என்று தீர்மானிக்கும் பொதுமக்கள் குழுவான ஜூரி முன்னால் பேசுவதெல்லாம் அதற்கு அப்புறம்தான். பெரும்பாலான வழக்குகள் ஜூரி வரைக்கும் போவதே இல்லை. பேச்சுவார்த்தையில் குற்றத்தை ஒப்புக்கொள்வதோடு முடிந்துவிடும்.

துணையை அடித்துக் காயப்படுத்துவது இங்கே தண்டனைச் சட்டம் 273.5. அது இரண்டும் கெட்டான் பிரிவு. ஃபெலனியாகவும் போடலாம், நான்கு வருடம் வரை சிறை. சிறு குற்றமாகவும் போடலாம், அதிகபட்சம் ஒரு வருடம் கவுண்டி ஜெயில். அந்த அறிக்கையில் இருந்த ஆங்கிலத்தை மட்டும் படித்திருந்தால், வழக்கே வேண்டாம் என்று எழுதி அனுப்பியிருப்பேன் என்று நினைக்கிறேன். உதடு கிழிந்து, கன்னம் வீங்கிய ஒரு பெண், கையை நீட்டிய ஒரு கணவன், ஒரு வழுக்கல். தமிழ் தெரிந்த யாருக்கும் அது அப்படி இல்லை. நம் ஊரில் 'பொம்பளை மேல கை நீட்டாதே' என்று ஒரு அம்மா மகனுக்குச் சொன்னால் என்ன அர்த்தம் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

அப்புறம், அவசர உதவி எண்ணான 911க்கு அவள் செய்த அழைப்பு. தமிழ் பேசும் மொழிபெயர்ப்பாளர் இணைப்பில் வருவதற்குள் சில நொடிகள் தாண்டிவிட்டன. அந்த நொடிகளுக்கு எழுத்துப் பிரதியில் 'வேற்று மொழி' என்று மட்டும் குறித்திருந்தார்கள். அதை மூன்று தடவை கேட்டேன். அவள் கத்தவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு பேசுகிற குரல். "பாப்பா தூங்குறா. மெதுவா... அடிக்காதீங்க, பாப்பா தூங்குறா." அடி வாங்கிக்கொண்டே குழந்தையின் தூக்கத்தைக் காக்கிற குரல் அது. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, எழுந்து போய் ஜன்னல் பக்கம் கொஞ்ச நேரம் நின்றேன்.

எனக்குப் புரிந்தது சாட்சியம் ஆகாது. வழக்கறிஞரே தன் வழக்கில் மொழிபெயர்ப்பாளராக இருக்க முடியாது. ஸ்பானிஷ், பஞ்சாபி, வியட்நாமியம் மாதிரி சில மொழிகளுக்கு நீதிமன்றத் தேர்வெழுதிச் சான்று பெற்ற மொழிபெயர்ப்பாளர்கள் உண்டு. தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. பதிவு செய்துகொண்ட மொழிபெயர்ப்பாளர்கள் சிலர் மட்டுமே. மேலதிகாரியிடம் விஷயத்தைச் சொல்லி, காயத்தின் படங்களையும் அழைப்பையும் வைத்து ஃபெலனியாகத் தாக்கல் செய்தேன். இரண்டு பதிவுகளையும் முழுக்கப் புதிதாக மொழிபெயர்க்க ஆள் ஏற்பாடு செய்தேன். அந்தப் பிரதி எனக்கு வந்த அன்றே எதிர்த்தரப்புக்கும் போனது. எங்கள் பிரிவில் ஒரு வழக்கை முதலிலிருந்து கடைசி வரை ஒரே வழக்கறிஞர்தான் பார்ப்பார். அடிபட்டவர் தன் கதையை ஆளுக்கொரு தடவை சொல்லிச் சோரக்கூடாது என்பதற்காக.

பத்து நாள் கழித்து அவளைச் சந்தித்தேன். என் பக்கத்தில் எங்கள் அலுவலகப் புலனாய்வாளர், அவளுக்குப் பக்கத்தில் பாதிக்கப்பட்டோருக்கான உதவியாளர், திரையில் மொழிபெயர்ப்பாளர். சாட்சியை நான் தனியாகச் சந்திப்பதே கிடையாது. தனியாக இருக்கும்போது அவர் என்னிடம் ஒன்று சொல்லி, பிறகு கோர்ட்டில் மாற்றிச் சொன்னால், அதற்குச் சாட்சி நானாகிவிடுவேன். வழக்கையும் நடத்திக்கொண்டு சாட்சிக் கூண்டிலும் ஏற முடியாது.

எல்லோரிடமும் முதலில் சொல்வதை அவளிடமும் சொன்னேன். நான் உங்கள் வக்கீல் இல்லை. நீங்கள் சொல்வதில் எதிர்த்தரப்புக்கு உதவுவது எது இருந்தாலும் அவர்களிடம் கொடுத்துவிடுவேன். உங்களுக்கென்று தனியாக வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு. இதையெல்லாம் ஆங்கிலத்தில் சொன்னேன். திரையிலிருந்து அது தமிழாக அவளிடம் போனது. அவள் திரையைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சு முடிந்ததும், "நீங்க தமிழ்தானேக்கா? பேரைப் பாத்தாலே தெரியுதே" என்றாள். புலனாய்வாளர் என்னைப் பார்த்தார். மொழிபெயர்ப்பாளர் அதையும் கடமையாக மொழிபெயர்த்தார். ஆமாம் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.

அந்த 'அக்கா'வுக்கு ஆங்கிலத்தில் பதில் சொன்னது இன்னும் எனக்கு வலிக்கிறது. செய்தது சரிதான், அதில் சந்தேகம் இல்லை. ஆனாலும் வலிக்கிறது. ஊரில் யாரோ ஒரு பெண் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அழுதால் முதலில் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்போம். இங்கே நான் கொடுத்தது மூன்று எச்சரிக்கை.

இதெல்லாம் எதற்கு என்பதற்கு 1963இல் வந்த ஒரு தீர்ப்பைச் சொல்ல வேண்டும். மேரிலாந்தில் பிரேடி என்பவருக்குக் கொலை வழக்கில் மரண தண்டனை விதித்திருந்தார்கள். கொன்றது நான்தான் என்று கூட்டாளி கொடுத்திருந்த வாக்குமூலம் அரசுத் தரப்பின் கையில் இருந்தது. அதைப் பிரேடியின் வக்கீலிடம் காட்டவில்லை. குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான முக்கியச் சான்றை அரசுத் தரப்பு மறைத்தால், நல்லெண்ணத்தோடு மறைத்தாலும் சரி, அது நியாயமான விசாரணையே ஆகாது என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம். எங்கள் தொழிலில் 'பிரேடி' ஒரு வினைச்சொல் மாதிரி ஆகிவிட்டது. 'இதைப் பிரேடி செய்துவிட்டாயா?' என்று காரிடாரில் கேட்டுக்கொள்வோம்.

விசாரணைக்கு ஒன்றரை மாதம் இருந்தபோது அவள் மறுபடி அலுவலகத்துக்கு வந்தாள், பாதுகாப்பு உத்தரவின் நகல் வாங்க. வெளியே போகும்போது பார்க்கிங் சீட்டில் முத்திரை போட வேண்டும். புலனாய்வாளர் அதை வாங்கிக்கொண்டு கவுண்டருக்குப் போனார். ஒரு நிமிடம்கூட இருக்காது. லிஃப்ட் பக்கத்தில் நானும் அவளும் மட்டும். தோள்பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"அக்கா, அவர் கையே நீட்டலை, நானா வழுக்கி விழுந்தேன்னு எழுதிக் குடுத்துட்டா விட்டுடுவாங்களா?"

"பொறுங்கம்மா, சொல்லாதீங்க" என்றேன். அவளிடம் நான் தமிழில் சொன்னது அவ்வளவுதான். அவள் நிறுத்தவில்லை. "அவருக்கு வேலை போச்சுன்னா விசாவும் போயிடும். அவர் விசாவுல தான நாங்க ரெண்டு பேரும் இருக்கோம். பாப்பாவை வச்சுக்கிட்டு எந்த மூஞ்சியோட ஊருக்குப் போவேன்?"

புலனாய்வாளர் முத்திரை போட்ட சீட்டோடு திரும்பி வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. சுற்றிலும் யாருக்கும் தெரியாது. அவள் சொன்னது வாக்குமூலத்தை மாற்றுவதா, அல்லது ஒரு பயந்த பெண்ணின் கேள்வி மட்டும்தானா? கேள்விதான் என்று என் மனசு சொன்னது. இன்றும் அப்படித்தான் நம்புகிறேன். ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் அதைக் கேட்டிருந்தால் என்ன சொல்வார் என்று யோசித்தேன். 'நானா வழுக்கி விழுந்தேன்' என்ற சொற்கள் அவள் வாயிலிருந்து வந்துவிட்டன. நான் விழுங்கிவிட்டால் உலகத்தில் யாருக்கும் தெரியப்போவதில்லை. பிரேடி வழக்கில் மறைத்தது ஒரு காகிதம். காகிதம் என்றாவது ஒருநாள் யார் கையிலாவது அகப்படும். இது காற்றில் போன பேச்சு, அதுவும் அந்தக் கட்டடத்தில் என் ஒருத்திக்கு மட்டும் புரிந்த மொழியில்.

அன்று மாலை ஒன்றரைப் பக்கம் எழுதினேன். அவள் சொன்னதைத் தமிழில் அப்படியே, கீழே ஆங்கிலத்தில். விசாவைப் பற்றிச் சொன்னதையும் சேர்த்தேன்; பயம் எங்கிருந்து வந்தது என்பதும் உண்மையில் பாதி. அதை எதிர்த்தரப்புக்கு அனுப்பிவிட்டு, நான் இப்போது சாட்சி ஆகிவிட்டேன், வழக்கை வேறொருவரிடம் கொடுங்கள் என்று மேலதிகாரியிடம் கேட்டுக்கொண்டேன்.

எதிர்த்தரப்பில் இருந்தவர் ஒரு பப்ளிக் டிஃபெண்டர். வசதி இல்லாதவர்களுக்கு அரசு செலவில் வாதாடும் வக்கீல். இந்த நாட்டிலேயே முதல் அலுவலகம் 1914இல் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில்தான் தொடங்கியது. அவர்களுக்கும் எங்களுக்கும் ஒரே கஜானா, ஒரே மேற்பார்வையாளர் குழுதான் இரண்டு பட்ஜெட்டுக்கும் ஓட்டுப் போடுகிறது. மெமோவைப் படித்துவிட்டு அவர் போன் செய்தார். "கிடைத்தது" என்றார். கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நன்றி" என்றார். அவர் வேலையை அவர் நன்றாகச் செய்வார் என்று எனக்குத் தெரியும். செய்ய வேண்டும்.

அந்தப் பெண்ணிடம் என்ன நடந்தது என்று உதவியாளர் சொன்னபோது அவள் அழுதாளாம். "அக்காகிட்டதான சொன்னேன்" என்றாளாம்.

பாளையங்கோட்டையில் ஒரு சாட்சி மாற்றிச் சொன்னால் 'பிறழ் சாட்சி' என்று அறிவித்துவிட்டு, அரசு வழக்கறிஞரே குறுக்கு விசாரணை செய்வார். ஏன் பிறழ்ந்தார் என்று கேட்க அங்கே யாருக்கும் நேரம் இருக்காது. இங்கே சட்டம் கொஞ்சம் இரக்கம் காட்டுகிறது. குடும்ப வன்முறையில் அடிபட்டவர் சாட்சி சொல்ல மறுத்தால் அவரை ஜெயிலில் அடைக்கக் கூடாது. அவர் வராவிட்டால் வழக்கு செத்துவிடும் என்பதும் இல்லை. ஆபத்து நடந்துகொண்டிருக்கும்போதே 911க்குச் சொன்ன வார்த்தைகளை, சொன்னவர் கோர்ட்டுக்கு வராவிட்டாலும் ஜூரியிடம் போட்டுக் காட்டலாம் என்று 2006இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தக் கிசுகிசுத்த சில நொடிகள்தான் இந்த வழக்கைத் தாங்கிப் பிடித்தன.

வழக்கை வாங்கிக்கொண்ட சக ஊழியர் நிதானமானவர். குற்றத்தை ஒப்புக்கொள்ளும் பேரத்தில் குடியேற்ற விளைவையும் அரசுத் தரப்பு எடைபோட வேண்டும் என்று கலிபோர்னியச் சட்டமே சொல்கிறது. அவர் எடைபோட்டார். கடைசியில் அது சிறு குற்றமாக முடிந்தது. மூன்று வருடக் கண்காணிப்பு, 52 வாரம் வன்முறையாளர்களுக்கான வகுப்பு, மனைவியின் அருகே போகத் தடை. எனக்கு அது போதுமா? அந்த ஹெட்போனில் கேட்டவளாகப் போதவில்லை. கோப்பு முழுவதையும் படித்த வழக்கறிஞராகச் சரி என்றுதான் சொல்வேன்.

தண்டனை அறிவிக்கும் நாளில் பார்வையாளர் வரிசையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பாதிக்கப்பட்டவர் பேச விரும்பினால் நீதிபதி கேட்டாக வேண்டும். 2008இல் மக்கள் ஓட்டுப் போட்டு அதை மாநில அரசியலமைப்பிலேயே சேர்த்திருக்கிறார்கள். அவள் எழுந்தாள். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர், இந்த முறை நேரிலேயே. நடுத்தர வயதுக்காரர், கையில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம்.

"அவருக்கு வேலை போக வேண்டாம்" என்று தொடங்கினாள். "பாப்பாவைப் பாக்கணும்னா பாக்கட்டும், யாராவது கூட இருக்கும்போது. வீட்டுக்கு வர வேண்டாம்." ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தினாள், ஆங்கிலம் வந்தது. பிறகு கணவன் இருந்த மேசைப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். "இனிமே அவர் என் மேல கை நீட்டக்கூடாது" என்றாள்.

மொழிபெயர்ப்பாளரின் பேனா நோட்டில் நின்றது. நான் முன் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் நிமிர்ந்து, நீதிபதியைப் பார்த்து, 'அடிக்கக் கூடாது' என்று ஆங்கிலத்தில் சொன்னார்.