18,000 அடி வரை பொறுங்க

கணினியில் விமானம் ஓட்டுபவர்கள் இணையத்தில் கூடும் வாட்சிமில் சிங்கப்பூர் சாங்கியை விட்டு அமெரிக்கப் பக்கம் பறக்கப் போனால் முதலில் மாற்ற வேண்டியது உயரமானிப் பழக்கம். இங்கே 11,000 அடி தாண்டியதும் உயரமானியின் அழுத்த அளவைப் பொது அளவான 1013 ஹெக்டோபாஸ்கலுக்குத் திருப்பிவிடுவோம். அங்கே 18,000 அடி வரை உள்ளூர் அழுத்தம்தான். அதையும் பாதரச அங்குலத்தில்தான் சொல்வார்கள், 1013-க்குப் பதில் 29.92.

எனக்கு ரொம்பப் பிடித்தது தரையிறங்கும் அனுமதி. முன்னால் போகும் விமானம் இன்னும் சக்கரம் பதிக்கவே இல்லை, அதற்குள் நமக்கு "நம்பர் டூ, கிளியர்ட் டு லேண்ட்" வந்துவிடும். ஓடுபாதை காலியாகும் நேரத்தில் அனுமதி கேட்டுப் பழகிய காதுக்குத் திக்கென்றுதான் இருக்கும். ஆனால் நியூயார்க்கின் கென்னடி விமான நிலையம் மாதிரி நெரிசலான இடத்தில் எவ்வளவு பேச்சு மிச்சம்! நல்ல ஏற்பாடு.

தம்பிகள் யாராவது வர்றீங்களா? ஞாயிறு காலை, பராட்டா சாப்பிட்டதும். நியூயார்க்கில் அப்போது சனி இரவு.