செக்: எல்லாவற்றுக்கும் மூலம் ஒரு ராஜா

கட்டம் போட்ட செக் சட்டை, வங்கிச் செக், செக்போஸ்ட், செஸ்ஸில் வைக்கிற செக். எல்லாம் ஒரே சொல். பாரசீக 'ஷா', அதாவது அரசன், அரபி வழியாகப் பழைய பிரெஞ்சுக்குப் போய், 1300 வாக்கில் ஆங்கிலத்தில் செக் ஆனது.

செஸ்ஸில் அரசனுக்கு ஆபத்து வந்தால் அதைத் தீர்க்காமல் வேறு நகர்த்தல் கிடையாது. 'தடுத்து நிறுத்து' என்ற பொருள் அங்கிருந்து பிறந்தது. 'சரிபார்' பிறகு வந்தது. செக்மேட்டுக்கு 'அரசன் இறந்தான்' என்று பலர் பொருள் சொல்கிறார்கள். அது 'இறந்தான்' என்று பொருள்படும் அரபிச் சொல்லோடு வந்த குழப்பம். பாரசீகத்தில் 'ஷா மாத்' என்றால் அரசன் வழியற்று நிற்கிறான், அவ்வளவுதான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது எக்ஸ்செக்கர், அதாவது இங்கிலாந்து அரசுக் கருவூலத்தின் பெயர். 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அரசு வரவை எண்ண, 10 அடிக்கு 5 அடி மேசை. மேலே கோடு போட்ட துணி. ரோமன் எண்ணில் பூஜ்யம் கிடையாது, எழுதிக் கூட்டுவது பெரும்பாடு. அதனால் வில்லைகளை வைத்தார்கள். பென்ஸ் பத்தியில் 12 சேர்ந்தால் எடுத்துவிட்டு ஷில்லிங்கில் ஒன்று. 20 ஷில்லிங் சேர்ந்தால் பவுண்டில் ஒன்று. காலிப் பத்தியே பூஜ்யம்! சதுரங்கப் பலகை போலிருந்த அந்த மேசையின் பெயர்தான் கருவூலத்துக்கும் ஆனது.

வங்கிச் செக் 18ஆம் நூற்றாண்டுச் சங்கதி. முதலில் கவுன்டர்ஃபாயிலுக்குத்தான், அதாவது சீட்டைக் கிழித்துக் கொடுத்தபின் மிஞ்சும் அடித்துண்டுக்குத்தான், அந்தப் பெயர். கள்ளச் சீட்டு வந்தால் ஒப்பிட்டுப் பிடிக்க. பிறகு சீட்டே செக் ஆனது. எக்ஸ்செக்கரைப் பார்த்துப் பிரிட்டனில் 'க்யூ' போட்டு எழுதினார்கள்; அமெரிக்காவில் இன்றும் 'சி, கே'தான்.