தார் முடியும் இடத்தில் கேரவன்

மேற்கு ஆஸ்திரேலியாவில் கார்னர்வன் ஊரைத் தாண்டி வடக்கே கொஞ்ச தூரம் போய்க் கடல் பக்கம் திரும்பினால், ப்ளோஹோல்ஸ் வரை நல்ல தார் ரோடு. ஊரிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர். அங்கிருந்து வடக்கே குவோபா, ரெட் பிளஃப், நராலூ என்று கரையை ஒட்டிப் போவது மண்பாதை. சரளையும் சுண்ணாம்புக் கல்லும் மணலும் மாறி மாறி வரும். மூன்று டன் கேரவனை, அதாவது காரின் பின்னால் மாட்டி இழுக்கும் வீட்டு வண்டியை, இழுத்துக்கொண்டு இந்த வழியாகப் போய் வருகிறவர்களின் வண்டிகள்தான் இந்தக் கரையோரத்துப் பட்டறைகளுக்கு நிறைய வேலை கொடுக்கின்றன.

அந்த வேலையில் இருக்கும் எங்களுக்கு ஒன்று சீக்கிரமே புரிந்துவிடும். மண்ணில் உடைந்த வண்டிகளில் பெரும்பாலானவை நெடுஞ்சாலை ஏற்பாட்டை மாற்றாமல் மண்ணில் இறங்கியவை. நெடுஞ்சாலையில் வாலாட்டிப் பயமுறுத்தியவை, மண்ணிலிருந்து வந்த கோலத்திலேயே தாரில் ஏறியவை. வண்டி ஒன்றுதான். ஆனால் தாரில் அதற்கு எதிரி எடைச் சமநிலையும் காற்றும். மண்ணில் அதிர்வும் சூடும் தூசியும் உப்பும். தார் முடியும் இடத்தில் அரை மணி நேரம் நின்று செய்ய வேண்டிய வேலைகளை யாரும் வாங்கும்போது சொல்லித் தருவதில்லை என்பதுதான் எங்கள் வருத்தம்.

முதலில் நெடுஞ்சாலை. கேரவனைக் காரோடு இணைக்கும் கொக்கியின் மேல் இறங்கும் எடை, அதாவது டோ பால் எடை, கேரவனின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கை ஒட்டி இருக்க வேண்டும் என்பது ஆஸ்திரேலியாவில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. 3000 கிலோ வண்டிக்கு 300 கிலோ. இது காரின் பின்னால் வெறும் 300 கிலோவாக இறங்குவதில்லை. லேண்ட் க்ரூஸர் 200-இன் முன், பின் சக்கரங்களுக்கு இடையே 2.85 மீட்டர். பின் அச்சிலிருந்து கொக்கி 1.25 மீட்டர் தள்ளி இருந்தால், அந்த 300 கிலோ நெம்புகோல் போல வேலை செய்து முன் சக்கரங்களிலிருந்து சுமார் 130 கிலோவைத் தூக்கிவிடும். பின் அச்சில் 430 கிலோ ஏறும். ஸ்டீயரிங் லேசாகிவிட்டது என்று ஓட்டுகிறவர் சொல்வது இதைத்தான். எடையைப் பகிரும் ஸ்பிரிங் கம்பிகளை மாட்டுவது, அந்த எடையில் ஒரு பகுதியை முன்னால் திருப்பி அனுப்பத்தான்.

டோ பால் எடை ஒரு முறை அளந்தால் அப்படியே நிற்கும் என்று நினைப்பது பெரிய தப்பு. கேரவனின் அச்சு மையத்திலிருந்து கொக்கி வரை 4.5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அச்சுக்கு 3 மீட்டர் பின்னால் இருக்கும் பம்பரில் தலா 35 கிலோவாக இரண்டு ஸ்டெப்னி மாட்டினால் கொக்கியில் சுமார் 47 கிலோ குறையும். அச்சுக்கு ஒரு மீட்டர் முன்னால் இருக்கும் 95 லிட்டர் தண்ணீர்த் தொட்டி காலியானால் இன்னொரு 21 கிலோ போகும். கரையோரப் பண்ணைகளில் நல்ல தண்ணீர் கிடைப்பது அரிது. எல்லோரும் தொட்டியை நிரப்பிக்கொண்டு உள்ளே போய், காலித் தொட்டியோடு வெளியே வருகிறார்கள். கூடவே ஈரக் கூடாரமும் மீன் பெட்டியும் பின்னால் ஏறியிருக்கும். போகும்போது ஒழுங்காக வந்த வண்டி திரும்பும்போது ஆடுவதற்கு இதைவிட வேறு மர்மம் தேவையில்லை.

ஆட்டம் தொடங்கிவிட்டால் கார் பிரேக்கை மிதிக்கக் கூடாது. ஸ்டீயரிங்கை எதிர்த்து வளைக்கவும் கூடாது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுத்துவிட்டு, கேரவன் பிரேக்கைக் காரிலிருந்து இயக்கும், டேஷ்போர்டில் இருக்கும் பிரேக் கன்ட்ரோலரின் கைப்பொத்தானை அழுத்திக் கேரவன் பிரேக்கை மட்டும் பிடிக்க வேண்டும். கேரவன் பின்னுக்கு இழுக்க, வண்டி நேராகும். அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்க்காமலே கை போக வேண்டும். இந்தக் கரையில் மதியத்துக்கு மேல் தெற்கத்திக் காற்று எப்படி வீசும் என்பதற்கு, ஜெரால்டன் பக்கம் கிரீனஃபில் தரையோடு சாய்ந்து வளர்ந்திருக்கும் மரங்களே சாட்சி. எதிரே வரும் ரோடு ட்ரெயின், அதாவது பல ட்ரெய்லர்களை இழுக்கும் லாரி, ஒவ்வொன்றும் முதலில் தள்ளும், பிறகு இழுக்கும். காலையில் புறப்பட்டு, மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டாமல் போவதுதான் நல்லது.

இனி தார் முடியும் இடம்.

முதல் வேலை, எடையைப் பகிரும் கம்பிகளைக் கழற்றி உள்ளே வைப்பது. மண்பாதையில் கார் ஒரு பள்ளத்தில் இறங்கிக் கேரவன் மேட்டில் நிற்கும். அந்த மடிப்பை இந்தக் கம்பிகள் எதிர்க்கும். எதிர்க்கும் விசை முழுக்கக் காரின் கொக்கிச் சட்டத்திலும் கேரவனின் முன்னால் கொக்கி வரை நீளும் முக்கோணச் சட்டத்திலும் போய் விழும். விரிசல் விழுந்து வரும் சட்டங்களில் இந்தக் கதை அடிக்கடி ஒளிந்திருக்கும். 50 மில்லிமீட்டர் பந்துக் கொக்கிக்குப் பதிலாக டி.ஓ.35 போன்ற எல்லாப் பக்கமும் திரும்பும் இணைப்பை ஆஃப்-ரோடு வண்டிகளில் போடுவதும் இந்த மடிப்புக்காகவே.

இரண்டாவது, காற்று. 265/75 ஆர்16 லைட் டிரக் டயர், இரண்டு அச்சு, 2.9 டன் வண்டி என்றால் தாரில் 45 பி.எஸ்.ஐ.யை ஒட்டி வைப்பார்கள். சரளையில் 30 முதல் 32. மணல் வந்தால் 18 முதல் 20. காருக்குக் குறைத்துவிட்டுக் கேரவனை மறந்துவிடுகிறவர்கள் ஏராளம். கடினமான டயர் கல்லைத் தன்மேல் வாங்கிக் கிழிபடும். தளர்ந்த டயர் கல்லைச் சுற்றி மடிந்து கொடுக்கும். அதிர்வில் ஒரு பங்கை டயரே விழுங்கிவிடுவதால் ஷாக் அப்சார்பருக்கும் வேலை குறைகிறது. ஆனால் காற்றைக் குறைத்தால் வேகத்தையும் குறைத்தே ஆக வேண்டும்: சரளையில் 60 முதல் 70, மணலில் 40-க்குள். 30 பி.எஸ்.ஐ.யில் 90 ஓட்டினால் டயரின் பக்கவாட்டு மடிந்து மடிந்து சூடேறி உரிந்துவிடும். தாரில் சரிபார்க்க ஒரு சுலப வழி: குளிர்ந்த டயரில் வைத்த காற்று, ஒரு மணி நேரம் ஓடிய பிறகு 4 முதல் 6 பி.எஸ்.ஐ. ஏறியிருக்கலாம். அதற்கு மேல் ஏறினால் காற்று போதவில்லை, இல்லை சுமை அதிகம், இல்லை வேகம் அதிகம்.

மூன்றாவது, பிரேக் கன்ட்ரோலர். கார் வேகம் குறைவதை உணர்ந்து தானே பிரேக் அளவைத் தீர்மானிக்கும் வகை, குண்டும் குழியுமான பாதையில் குலுக்கலையும் வேகக் குறைவாக எடுத்துக்கொள்ளலாம். ரெட்ஆர்க் டோ-ப்ரோ எலீட் என்ற கன்ட்ரோலரில் ஓட்டுநரே அளவு வைக்கும் முறை தனியாக இருப்பது இதற்குத்தான். அளவையும் குறைக்க வேண்டும். தாரில் சரியாக இருந்தது சரளையில் சக்கரத்தைப் பூட்டிவிடும், மணலில் புதைத்துவிடும்.

அப்புறம் சில்லறை வேலைகள். கேஸ் சிலிண்டரை அதன் வால்விலேயே மூடுவது. பிளக் வயரும் சங்கிலியும் தரையில் உரசாமல் தூக்கிக் கட்டுவது. வண்டி அறுந்து பிரிந்தால் பிரேக்கைத் தானே பிடித்துவிடும் பிரேக்அவே கம்பியையும் பார்க்க வேண்டும். அது தாழத் தொங்கிப் புதரில் மாட்டினால் அதன் முனையில் இருக்கும் முள் உருவி நான்கு சக்கரமும் பூட்டிக்கொள்ளும். தூசி உள்ளே நுழையாமல் இருக்கக் கூரையில் முன்னோக்கித் திறக்கும் காற்றுத் துவாரத்தைத் திறந்து வைத்தால், ஓடும் வேகத்தில் உள்ளே காற்று நிறைந்து இண்டு இடுக்கு வழியாக வெளியே தள்ளும். கதவின் கீழ்த் துவாரத்தில் டேப் ஒட்டுகிறவர்கள் அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன் அதை உரித்தே தீர வேண்டும். அது கேஸ் பாதுகாப்புக்காக விட்ட துவாரம். அடைத்துவிட்டுத் தூங்கினால் உயிர் போகும்.

இந்தப் பாதையின் முக்கியமான விஷயம், வரிவரியாக எழும்பி நிற்கும் கொருகேஷன். இரண்டு மேட்டுக்கு நடுவே முக்கால் மீட்டர் என்று வைத்தால், 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒவ்வொரு சக்கரமும் நொடிக்கு 22 தடவை அடி வாங்கும். ஒரு மணி நேரத்தில் 80,000 அடி. 80-இல் போனால் மேட்டுக்கு மேட்டுத் தாவி மிதக்கலாம் என்று சொல்வார்கள். காருக்கு அது ஓரளவு உண்மைதான். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குச் சுகமாக இருக்கும். பின்னால் வருவதற்கு அதே சுகம் இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. கேரவனின் சக்கரம் தரையை விட்டுத் துள்ளிக்கொண்டே வரும்.

அந்தத் துள்ளலை ஷாக் அப்சார்பர் சூடாக மாற்றி வெளியே விட வேண்டும். விடும் அளவைவிட வரும் சூடு அதிகமானால் உள்ளே எண்ணெய் நீர்த்துவிடும், சீல் போகும், எண்ணெய் கசியும். அதற்குப் பிறகு ஸ்பிரிங் தன் இஷ்டத்துக்கு ஆடும்; அடுத்து போவது புஷ், போல்ட், கடைசியில் மவுண்ட்டை வெல்டிங் செய்து பற்றவைத்த இடமே. ஆகவே அரை மணிக்கு ஒரு தடவை நின்று, ஒரு சின்ன இன்ஃப்ராரெட் வெப்பமானியை ஒவ்வொரு ஷாக்கின் மேலும் காட்டிப் பாருங்கள். எல்லாம் கொதித்தால் வேகத்தைக் குறைத்து ஆறவிட வேண்டும். மற்றவை சூடாக இருக்க ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால், செத்துப் போனது அதுதான். வேலை செய்யாததால்தான் அது சூடாகவில்லை. பலரும் தலைகீழாகப் புரிந்துகொண்டு சூடான நல்ல ஷாக்கைக் கழற்றிவிடுகிறார்கள்.

சக்கரத்தின் நடுவே பேரிங் இருக்கும் ஹப்பில் இது நேர்மாறு. அங்கே மற்றதைவிடச் சூடாக இருப்பதுதான் சந்தேகத்துக்குரியது: பேரிங் இறுகியிருக்கலாம், பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கலாம். சூடான ஹப்போடு தண்ணீரில் இறங்காதீர்கள். திடீரென்று குளிரும்போது உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியே உப்புத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். கிரீஸ் பால் நிறத்தில் வெளியே வந்தால் அந்தப் பேரிங்கின் கதை முடிந்தது.

எலெக்ட்ரிக் பிரேக்கைச் சோதிக்க, வயரைச் சுற்றிப் பிடித்து மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் போதும். ஒரு சக்கரத்தின் பிரேக்கை இயக்கும் மின்காந்தம் 12 வோல்ட்டில் ஏறக்குறைய 3 ஆம்ப் இழுக்கும். நான்கு சக்கரத்துக்கு 12. பிளக்கின் நீல வயரில் 9 மட்டும் காட்டினால் ஒரு சக்கரத்துக்குப் பிரேக் இல்லை. பெரும்பாலும் அச்சோரம் வயர் உராய்ந்து அறுந்திருக்கும்.

மாலையில் நிறுத்தியதும் முக்கோணச் சட்டம் கேரவன் அடியில் போய்ச் சேரும் இடத்தைத் துணியால் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். செந்தூசி எல்லா இடத்திலும் பரவலாக ஒட்டும். பற்றவைப்பின் ஓரமாக மயிரிழை போல ஒரு கோட்டில் மட்டும் துடைத்தும் போகாமல் நின்றால் அது விரிசல். நட்டுகளின் மேல் புறப்படும்போதே பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்திருந்தால், எது நகர்ந்தது என்று குனிந்த மாத்திரத்தில் தெரியும். வீல் நட்டுகளை மட்டும் கண்ணால் நம்பாமல், வீல் கையேட்டில் போட்டிருக்கும் அளவுக்கு டார்க் ஸ்பேனரால் சரிபார்க்க வேண்டும். சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருந்தால் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் இன்னொரு தடவை.

மணலில் புதைந்துவிட்டால், டோ பாலில் கயிறு மாட்டி இழுக்கவே கூடாது. பந்து முறிந்து குண்டு போலப் பறக்கும். ஆஸ்திரேலியாவில் இதனால் உயிர்கள் போயிருக்கின்றன. முதலில் மண்வெட்டி, அடுத்து காற்றை இன்னும் இறக்குவது, பிறகு சக்கரத்துக்கு அடியில் பலகை. அப்படியும் வரவில்லை என்றால் கேரவனைக் கழற்றிவிட்டுக் காரை முதலில் கெட்டித் தரைக்குக் கொண்டுபோக வேண்டும்.

திரும்பித் தாரில் ஏறும் இடத்தில் எல்லாவற்றையும் மறுபடி எதிர்த்திசையில் செய்ய வேண்டும். காற்று, கம்பிகள், கன்ட்ரோலர் அளவு. காலித் தொட்டிக்கு ஈடாகப் பின்னால் இருக்கும் கனத்தை அச்சுக்கு முன்னால் நகர்த்தி, கையடக்கத் தராசில் டோ பால் எடையைப் பார்த்துவிட்டுத்தான் வேகம் எடுக்க வேண்டும்.

ஊர் சேர்ந்த அன்றே அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். பிரஷர் வாஷர் என்றால் ஹப் சீலை நேராகக் குறிவைக்க வேண்டாம். உப்புக் களி பிரேக்கின் பின்பக்கத் தட்டிலும் சட்டக் குழாய்களுக்குள்ளும் ஒளிந்திருக்கும். தண்ணீர் தெளிவாக வரும்வரை விட வேண்டும். பேரிங் கிரீஸ் மாற்ற 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம் என்ற கணக்கு தார் ரோட்டுக்கானது. கடற்கரைக்குப் போய் வந்த வண்டிக்கு, ஓடியது 600 கிலோமீட்டர்தான் என்றாலும், டிரம்மைக் கழற்றி உள்ளே சேர்ந்த மணலைத் தட்டி, காந்தத்தின் தேய்மானத்தைப் பார்த்து, புது சீல் போட்டு மூடுவதுதான் முறை.