மீதி 212

ஜூன் 2, திங்கள்

எண்ணியாச்சு. பழைய லாட்டில், அதாவது ஒரே தொகுதியாக வந்த காற்றுத் துப்பாக்கிக் குண்டுகளில், மீதி 212.

ஜூன் 3, செவ்வாய்

அம்மா டயாலிசிஸுக்கு உள்ளே போகும்போது 52.6 கிலோ. வெளியே வரும்போது 50.4. நான்கு மணி நேரத்தில் 2.2 கிலோ தண்ணீர். "ஆன்ட்டி, ஞாயித்துக்கிழமை என்ன குடிச்சீங்க?" என்று நர்ஸ் கேட்டார். அம்மா கூரையைப் பார்த்தார். இரண்டு டம்ளர் ரசம் என்பது எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும்.

ஜூன் 4, புதன்

சித்தப்பா நகைக்கடைத் தராசைக் கொடுத்துவிட்டார். மில்லிகிராம் வரை காட்டும். "ஆவணி முகூர்த்தத்துக்குள்ள வந்துடணும்மா" என்று மூன்று தடவை சொன்னார்.

துப்பாக்கியும் குண்டும் வீட்டுக்கு வருவதில்லை, சுடும் ரேஞ்சிலேயே பூட்டி இருக்கும். காற்றுத் துப்பாக்கிதானே என்று சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள். மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்துக்கு அதுவும் ஆயுதம்தான். அதனால் தராசுதான் செந்தூலிலிருந்து சுபாங்குக்கு கிரேப் வாடகைக் காரில் போனது, என் மடியில்.

ஏர்கான் காற்றில் கடைசி இலக்கம் நிற்கவே மாட்டேன் என்கிறது. மதியம் மீ கோரேங் நூடுல்ஸ் வாங்கிய தாப்பாவ் (பார்சல்) டப்பாவைக் கழுவித் துடைத்துத் தராசின் மேல் கவிழ்த்தேன். நின்றது. நாற்பது குண்டு நிறுத்தேன். குறைந்தது 0.526 கிராம், கூடியது 0.535.

பார்க்க அசல் உடுக்கை. 4.5 மில்லிமீட்டர் உடுக்கை. தலை தட்டை, அதனால்தான் தாளில் ஓட்டை சுத்தமாக வெட்டி விழுகிறது. பின்பக்கம் பாவாடை, உள்ளே குழிவு, நகம் பட்டால் நசுங்கும் மெல்லிசு. நாற்பதில் இரண்டுக்குப் பாவாடை கோணல். தனியாக எடுத்து வைத்தேன். பதினைந்து சேர்த்தால் ஏறக்குறைய ஒரு பவுன்.

ஈயம் தொட்ட கை. இரண்டு முறை சோப்பு போட்டுக் கழுவிவிட்டு வீட்டுக்கு வந்து மூன்றாவது முறையும் கழுவிய பிறகுதான் அம்மாவைத் தொட்டேன்.

ஜூன் 5, வியாழன்

51.9 / 50.4. நல்ல பிள்ளை.

காலையில் அம்மாவின் ஃபிஸ்டுலா கையில், டயாலிசிஸ் ஊசிக்காக ரத்தக்குழாய்களை இணைத்த இடத்தில், உள்ளங்கையை வைத்தேன். விர்ர் என்று இருக்கிறது, ரத்தம் ஓடுகிறது.

ஜூன் 6, வெள்ளி

தூக்கம் வரவில்லை, கணக்குப் போட்டேன். கனத்த குண்டுக்கும் லேசான குண்டுக்கும் வித்தியாசம் 0.009 கிராம், இரண்டு சதவீதம்கூட இல்லை. குண்டு நொடிக்கு 172 மீட்டர் வேகத்தில் கிளம்பினால் பத்து மீட்டரில் 16, 17 மில்லி கீழே இறங்கும். எடை வித்தியாசத்தால் அந்த இறக்கம் மாறுவது ஏறக்குறைய 0.3 மில்லி. இலக்குத் தாளில் ஒரு தசமப் புள்ளி 0.25 மில்லி. ஆக, நான் கிரேப்பில் தராசு சுமந்து போய், ஏர்கானோடு சண்டை போட்டுச் சம்பாதிக்கப் போவது 10.4ஐ 10.5 ஆக்குகிற சமாச்சாரம்.

போன மாதம் மூன்று 9.1 போட்டேனே. 9.1 என்றால் நடுவிலிருந்து ஏறக்குறைய அரை சென்டிமீட்டர், 4.75 மில்லி. அதைக் கொண்டுபோய் எந்தக் குண்டின் தலையில் கட்டுவது?

இருந்தாலும் லாட் விஷயம் வேறு. துப்பாக்கியைக் கிளாம்ப்பில் இறுக்கிப் பத்துப் பத்தாகச் சுட்டபோது பழைய லாட்டின் பத்தும் சேர்ந்து 5.2 மில்லி அகலத்தில் ஒரே ஓட்டை. புது டின்: அதே ஆர்10 ரகக் குண்டு, ஸ்டிக்கரில் அதே 4.50, லாட் எண் மட்டும் வேறு. 6.9. கிளாம்ப்புக்குக் கை நடுக்கம் கிடையாது, மூச்சு கிடையாது, ராத்திரி கண் விழிக்கிற அம்மா கிடையாது.

தேர்வுப் போட்டி 28ஆம் தேதி. அறுபது குண்டு, 75 நிமிடம். அதற்கு முந்தைய கால் மணியில் எத்தனை சுட்டாலும் கணக்கில் வராது, ஆனால் என் டின்னில் குறையும்.

ஜூன் 7, சனி

ஹஜ்ஜுப் பெருநாள். கிட்னிக்கு ஏது பெருநாள், ஆறு மணிக்கே போய்விட்டோம். 52.3 / 50.5.

ஜூன் 8, ஞாயிறு

மீதி 172. பயிற்சிக்குப் புது டின்னை எடுத்திருக்க வேண்டும். மனசு கேட்கவில்லை.

ஜூன் 9, திங்கள்

விர்ர் இருக்கிறது. இன்று கொஞ்சம் மெல்லிசா? அம்மா எழும் முன் வைத்ததால் அப்படித் தோன்றியிருக்கும்.

ஜூன் 11, புதன்

கோச் தராசைப் பார்த்துவிட்டு, "கிளாம்ப்ல போட்டுப் பாத்தாச்சு, அப்புறம் இது எதுக்கு?" என்றார். பதில் சொல்லவில்லை. வெளிநாட்டில் ரைஃபிள்காரர்கள் தோட்டாவையே வீட்டில் தயார் செய்கிறார்கள். கையேடு சொல்லும் குறைந்த அளவில் தொடங்கி, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, சுட்ட உறையில் அழுத்தத்தின் அடையாளம் தெரிகிறதா என்று உருட்டி உருட்டிப் பார்ப்பார்களாம். அங்கே தராசு பிசகினால் கண் போகும், விரல் போகும். எனக்குப் பிசகினால் ஒரு தசமம். எதற்கு என்று கோச் கேட்டது சரிதான்.

இன்றும் முப்பது நிறுத்தேன்.

சாயங்காலம் பாசார் மாலாம் இரவுச் சந்தையைத் தாண்டும்போது அம்மா கார் கண்ணாடியை முழுசாக இறக்கினார். டுரியான் கடை. "பொட்டாசியம்மா, கிட்னிக்கு ஆகாது" என்றேன். "வாசனைக்கு ஏதுடி பொட்டாசியம்?" பச்சை விளக்கு விழுந்து பின்னால் ஹாரன் அடிக்கிற வரை நின்றோம்.

ஜூன் 12, வியாழன்

53.0. டாக்டர் "டிரை வெய்ட்" (கூடுதல் தண்ணீர் இல்லாத எடை) குறைக்க வேண்டும் என்கிறார், அம்மாவுக்குச் சதை குறைந்து அந்த இடத்தில் தண்ணீர் உட்கார்ந்திருக்கிறதாம். தராசு சரியாகத்தான் காட்டியிருக்கிறது, நாங்கள்தான் எதன் எடை என்று கேட்கவில்லை.

"இன்னிக்கு என் வெய்ட்டு எழுதினியா, இல்ல உன் குண்டு வெய்ட்டா?" இரண்டும் ஒரே நோட்டில்தான் இருக்கிறது, சொல்லவில்லை.

ஜூன் 14, சனி

ஊசி போட நர்ஸ் வழக்கத்தைவிட நேரம் எடுத்தார். இரண்டு முறை குத்தினார். மெஷின் மூன்று தடவை கத்தியது.

ஜூன் 15, ஞாயிறு

மீதி 132. இன்று துப்பாக்கி என் நாடித்துடிப்போடு ஆடியது. கன்னத்தை வைத்தால் குறிபார்க்கும் முன்வளையம் டக், டக் என்று துள்ளுகிறது. நூர் சூர்யானி 2012இல் லண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கர்ப்பத்தோடு இதே பத்து மீட்டர் சுட்டார். வயிற்றுக்குள் உதைக்கிற பிள்ளையோடு ஒருத்தி நின்றிருக்கிறாள், எனக்கு என் நாடித்துடிப்பே பாரமாக இருக்கிறது.

மூன்று 9.3. பழைய லாட்தான். நிறுத்த குண்டுதான்.

ஜூன் 16, திங்கள்

தம்பி ஜோகூரிலிருந்து பேசினான். "எல்லாம் சரிதானேக்கா?" சரிதான் என்றேன்.

ஜூன் 17, செவ்வாய்

5.40. கை வைத்தேன். என் கை ஈரமோ என்று நைட்டியில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். கொஞ்சம் மேலே. கொஞ்சம் கீழே.

"என்னடி, இன்னிக்கு இவ்ளோ நேரம்?" என்கிறார் அம்மா.